முதுகோடு முதுகு

அத்தியாயம் 17

போன வாரம் அக்காவைப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். "கண்ணால் பார்த்தவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று உங்களில் பலர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவள் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அவள் பார்த்தது இவ்வளவுதான். வலது பக்கம் செயலிழந்து ஐந்து மாதமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிற அப்பா, வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, தெருப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். பிறகு கம்பியையும் விட்டார். இரண்டு காலிலும் நின்று, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மகனின் காலடி கேட்டதும் மெல்ல உட்கார்ந்து, வலது காலை இடது கையால் தூக்கி மிதிபலகையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் நடக்காதது போல முகத்தையும் வைத்துக்கொண்டார்.

மகன் உள்ளே வந்தான். வழக்கம்போல அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி. அப்பா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். மகன், கடலுக்கடியில் கேபிள் போடுகிற கப்பலில் எலக்ட்ரீஷியன். வீட்டில் எல்லோருக்கும் அவன் கப்பல்காரன்தான். நாலு வருஷம் முன்பு அம்மா போனபோது அவன் நடுக்கடலில் இருந்தான். பத்தொன்பதாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பக்கவாதம் வந்து பேச்சையே பாதி பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை வந்தாலே பெரிசு. செய்தி கேட்ட மூன்றாம் நாள் கப்பல்காரன் வந்து நின்றான். அன்று தூக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறான்.

இன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே அவன் போனில் கம்பெனியின் செய்தி வந்துவிட்டது. அடுத்த வாரம் கப்பல் கிளம்புகிறது. வருகிறானா இல்லையா என்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். வருவதானால் திங்கட்கிழமை உடல் தகுதிப் பரிசோதனை. பதில் இல்லையென்றால் வேறு ஆள்.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. பல் செட் செய்கிற லேபில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கையில்தான் என்று சொல்லிக்கொள்வாள். எவ்வளவு கழுவினாலும் நக இடுக்கில் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

கப்பல்காரன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"என்னடா பண்ணப் போறே?"

"நீயே சொல்லு. அப்பா இனிமே எழுந்து நிப்பாருன்னு உனக்குத் தோணுதா?"

மாத்திரை டப்பாவை மூடுகிற சாக்கில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நிக்கிறார்டா" என்கிற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் இவன் கிளம்பிவிடுவான். கிளம்பினால் காலையும் மாலையும் அப்பா அவள் பொறுப்பு. ஜன்னலோரம் நிற்பது வேறு, ஒண்டியாக ஒரு வீட்டில் குளித்துச் சமைத்து வாழ்வது வேறு. லேப் வேலையை விட வேண்டும். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களின் பொறுமைக்கும் ஒரு கரை உண்டு. இதையெல்லாம் அவள் ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றேதான் வந்தது. வாயை மூடிக்கொள்.

"மதியம் அப்பாவோட வகுப்பு முடியட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள்.

கப்பல்காரன் அப்பாவைத் தூக்கப் போனான். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அவன் தன் முழங்காலை அப்பாவின் வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுப்பான். இரண்டு கைகளையும் அவருடைய அக்குளுக்குக் கீழே செலுத்தி முதுகில் கோத்துக்கொள்வான். அப்பாவின் இடது கை அவன் கழுத்தைச் சுற்றும். அவர் தாடை அவன் தோளில் பதியும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, தூக்கித் திருப்பி நாற்காலியில் உட்கார வைப்பான். ஒரு நாளைக்கு எட்டு முறை. அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு வளரவில்லை. சின்ன வயசில்கூட அப்பாவின் கை பிள்ளைகளின் தலையில் பட்டது பரீட்சைக்குக் கிளம்பும்போதுதான்.

உட்கார்ந்த பிறகும் அப்பாவின் இடது கை அவன் கழுத்தை விடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

கப்பல்காரன் நிமிர்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கால் மரத்துப்போச்சு" என்றான், யாரும் கேட்காமலே.

*

வகுப்பு நடக்கிற இடம் ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது. இப்போது மரத்தரை போட்டு, படிக்கட்டை இடித்துச் சரிவுப் பாதை கட்டியிருக்கிறார்கள். வாசல் பலகையில் "அசைவு வகுப்பு, எல்லா உடம்புக்கும்" என்று எழுதியிருக்கும்.

நடத்துகிறவளை எல்லோரும் டான்ஸ் மேடம் என்பார்கள். அவளுக்கே இடது கால் சின்ன வயசில் சூம்பிப் போனது. தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டை. முதல் நாள் கப்பல்காரன் அக்காவின் காதில், "நடக்கவே வழியில்லை, இதுல டான்ஸா?" என்று முணுமுணுத்தான். மேடத்துக்கு அது கேட்டுவிட்டது. "நடந்துட்டுதான் ஆடணும்னா நான் இன்னும் வரிசையில நின்னுக்கிட்டு இருப்பேன் தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அவன் அங்கே வாயே திறந்ததில்லை.

அங்கே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. கூட வருகிறவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கையைத் தூக்கத் தவிக்கும்போது கூட வந்தவரின் கை தானாக ஓடிப்போய் உதவிவிடும், அப்புறம் தவித்த கைக்கு வேலையே இல்லாமல் போய்விடும் என்பாள் மேடம். அக்காவும் தம்பியும் கைகளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அன்று ஒன்பது பேர் வட்டமாக இருந்தார்கள். பாதிப் பேர் நின்றும், பாதிப் பேர் சக்கர நாற்காலியிலும். ஒவ்வொருவரும் தனக்கு வருகிற ஓர் அசைவைக் காட்ட வேண்டும். புருவத்தை உயர்த்தினாலும் போதும். மற்ற எட்டுப் பேரும் அதையே செய்ய வேண்டும். இதுதான் எப்போதும் தொடக்கம்.

கடிகாரம் ரிப்பேர் செய்து வந்த ஒருவர் இருக்கிறார். கை நடுக்கம் வந்து கடையை மூடியவர். அவர் தன் நடுங்குகிற கையை அப்படியே முன்னால் நீட்டினார். எட்டுப் பேரும் கையை நீட்டி நடுக்கினார்கள். மேடமும் நடுக்கினாள். கடிகாரக்காரர் சுற்றிலும் பார்த்தார். கடையில், பஸ்ஸில், வீட்டில் எல்லா இடத்திலும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்த மனுஷன், இங்கே கூட்டத்தோடு நடுங்கினார். அவர் கண் கலங்கியது.

அப்பாவின் முறை. இடது ஆட்காட்டி விரலை மேலே காட்டினார். பிறகு கீழே. லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கூட வேலை செய்கிறவனுக்குக் காட்டுகிற சைகை அது. ஒன்பது விரல்கள் மேலே போய்க் கீழே வந்தன.

மேளம் எடுக்க வந்த மேடம் அக்காவின் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள்.

"உங்க அப்பா கால் என்கிட்ட ஒண்ணு சொல்லுது. அவர் வேற சொல்றார்" என்றாள், தாழ்ந்த குரலில்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களுக்கும் தெரியுமா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கை தூரத்தில் கப்பல்காரன் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் உடம்பு சொல்றதை நான் வெளிய சொல்றதில்லை. அதை அவர்தான் சொல்லணும்" என்றாள் மேடம். பிறகு வட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இன்னிக்கு ஜோடி மாத்திக்கலாம். தம்பி, நீங்க வாங்க. அப்பாவோட நீங்கதான்."

"நானா? எனக்கு எதுக்கு மேடம்?"

"தினம் தூக்குறீங்க இல்ல? இன்னிக்கு அவரும் கொஞ்சம் தாங்கட்டும்."

இந்தப் பயிற்சி எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு முக்காலிகளை ஒட்டினாற்போலப் போடுவார்கள். ஒருவர் வாசலைப் பார்த்தும் ஒருவர் சுவரைப் பார்த்தும் உட்கார வேண்டும். முதுகும் முதுகும் ஒட்டியிருக்க வேண்டும். கை மடியிலேயே இருக்க வேண்டும். ஒருவர் சாய்கிற அளவுக்கு மற்றவரும் சாய வேண்டும். மேடம் கைமேளத்தை மூன்று முறை தட்டுவாள். மூன்றாம் தட்டில் பாதத்தை ஊன்றி, ஒருவர் முதுகை ஒருவர் தள்ளி எழ வேண்டும். அப்பாவைப் போன்றவர்கள் ஒரு விரல் அளவு எழும்பினாலே அன்றைக்கு அது பெரிய வெற்றி. வலது கால் வேலை செய்யாதவர் எழுந்தால் வலது பக்கமாகச் சரிவார். அதனால் மேடம் அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

கப்பல்காரன் அப்பாவைத் தூக்கி முக்காலியில் உட்கார வைத்தான். தானும் திரும்பி உட்கார்ந்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது. அப்பாவின் முதுகு அவன் முதுகில் பட்டது அதுதான் முதல் முறை.

அப்பா சாய்ந்தார். சாய்ந்தவருக்கு மகனின் சட்டைக்குள் ஏதோ கெட்டியாக உறைத்தது. இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், நெடுக்காக நாலு பட்டைகள். அது என்னவென்று அப்பா திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மோட்டாரும் இரும்புத் தண்டவாளமும் தூக்கியே வாழ்ந்தவர் அவர். அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் அந்த இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் கட்டிலை விட்டு எழவே இல்லை.

முதல் தட்டு விழுந்தது. மகனின் முதுகு இறுகியது. அப்பாவின் முழு எடையையும் தானே வாங்கிக்கொள்ள அவன் தயாரானான். அந்த இறுக்கத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடியது. வலியை அடக்குகிற நடுக்கம்.

இரண்டாவது தட்டு.

பெஞ்சிலிருந்து அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது வெளிறிப்போயிருந்தது. பிறகு அவருடைய காலைப் பார்த்தாள். செத்த கால் என்று ஐந்து மாதமாக எல்லோரும் சொல்லிவந்த வலது கால், மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. 'வேண்டாம்ப்பா' என்று அவள் மனசுக்குள் அலறினாள்.

மூன்றாவது தட்டில் அப்பா எழுந்தார்.

சரியவில்லை. மகன் மேல் பாரம் போடவும் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி, தன் எடையைத் தானே எடுத்துக்கொண்டு, நேராக எழுந்தார். தள்ளுவதற்குத் தயாராக இருந்த மகன்தான் அவர் முதுகோடு சேர்ந்து இழுபட்டு எழுந்தான்.

அறை முழுக்கக் கைதட்டல். பார்வையில்லாத ஓர் அம்மா, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கேட்டாள். "லிஃப்ட் மேல வந்துடுச்சும்மா!" என்று கடிகாரக்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர்கள் நாலு பேர். கப்பல்காரன் திரும்பிப் பார்த்தான். அப்பா நின்றுகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை. மேடத்தின் கை அவருக்கு ஒரு சாண் தள்ளிச் சும்மா இருந்தது. முதல் முறை எழுகிற ஆள் இப்படி நிற்க மாட்டான். எந்தக் காலில் எவ்வளவு எடை வைக்க வேண்டும் என்று தெரிந்த ஆளின் நிலை அது. கப்பல் ஆட்டத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு அது புரியாதா?

அவன் வெளியே போனான்.

*

சரிவுப் பாதையின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றான். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நின்னாரே, பார்த்தியா?" என்றான். "எத்தனை நாளா நிக்கிறாரோ தெரியலை. நின்னுக்கிட்டிருந்த மனுஷனையா நான் தினம் எட்டு தடவை தூக்கிக்கிட்டிருந்தேன்?"

அக்கா கண்ணைத் தாழ்த்தினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியும்."

"ஒரு வாரமாத்தான்டா."

"ஒரு வாரமாவா!"

"நீ போயிடுவேன்னு பயந்துட்டேன். எல்லாம் என் தலையில விழுமேன்னு பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லை. நான் நல்லவள்னு சொல்ல வரலை" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கப்பல்காரன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். அழுக்கேறிய பெல்ட். ஓரங்களில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

"டிஸ்க் விலகியிருக்காம். ரெண்டு மாசமாச்சு. முதல்ல ஆளைத் தூக்குறதை நிறுத்துன்னார் டாக்டர்."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா யார் தூக்குவா? நீயா?"

உள்ளே மேளச் சத்தம் மறுபடி கேட்டது. வகுப்பு தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

வாசலில் மேடம் அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவளுடைய கால் இரும்பு டக் டக்கென்றது. கப்பல்காரனிடம், "நான் நினைச்சது ஒரு விரல் அளவுதான் தம்பி. முழுசா எழுவார்னு எனக்கும் தெரியாது" என்றாள். பிறகு, "ஏன் எழுந்தார்னு அவரைக் கேளுங்க. என்னைக் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு வரைக்கும் கப்பல்காரன்தான் நாற்காலியைத் தள்ளினான். கோபத்திலும் அவன் பள்ளம் மேடு பார்த்தே தள்ளினான் என்பதை அக்கா கவனித்தாள்.

*

வீட்டுக்குள் நுழையும்போது நாலரை மணி.

அப்பாவின் நாற்காலியை நடு அறையில் நிறுத்திவிட்டு, கப்பல்காரன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போனை எடுத்து "வருகிறேன்" என்று தட்டினான். அனுப்பாமல் மேஜைமேல் வைத்தான்.

"எத்தனை நாளாப்பா?"

அப்பா இடது கையால் மூன்று விரல் காட்டினார்.

"மூணு நாளா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"மூணு வாரம். மூணு வாரமா நிக்கத் தெரிஞ்சும் என்னைத் தூக்க வெச்சீங்க." அவன் ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்தான். "அம்மாவுக்கு வந்து சேரலைன்னு நாலு வருஷம் பேசாம இருந்தீங்க. சரி, பட வேண்டியதுதான்னு பட்டேன். இது என்ன? அதோட மிச்சமா? முதுகு ஒடியிற வரைக்கும் தூக்கட்டும்னு விட்டுட்டீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அப்புறம் என்ன?"

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணை மூடி மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த இடத்தில் அக்கா எப்போதும் புகுந்து, "தண்ணியாப்பா? படுக்கணுமா?" என்று அவர் வாக்கியத்தைத் தானே முடித்து வைப்பாள். இன்றும் வாயைத் திறந்தாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. ஸ்டூலில் இருந்தவன் எழவில்லை.

"நீ…" என்றார் அப்பா. "தூக்கினா… பிடிப்பே."

கப்பல்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடந்தா…" அப்பாவின் உதடு கோணியது. "நடந்தா… பிடிக்க மாட்டே."

எத்தனை காலை வேளைகளில் இவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதை அக்கா பார்த்திருக்கிறாள்! பாரம் தூக்குவதாக மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா போன பிறகு, இவன் தூக்க வரும்வரை, அந்த மனிதரை யாரும் தொட்டதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும்கூடத் தொட்டதில்லை. மாத்திரையை நீட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"கேட்டிருக்கலாமேப்பா" என்றான் கப்பல்காரன். சத்தமே எழவில்லை.

கேட்கலாம்தான். ஆனால் அந்த வீட்டில் அதை எப்படிக் கேட்பது என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு முழுப் பேச்சும் இருந்த காலத்தில்கூட அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அப்பா நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றினார். வலது கை பாதிதான் பற்றியது. கப்பல்காரன் பழக்கத்தில் பாய்ந்து எழுந்தான். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். தானே எழுந்தார். ஓர் அடி வைத்தார். வலது காலை இழுத்து இன்னோர் அடி. மகனுக்கு எதிரில் வந்து நின்றார்.

கப்பல்காரனின் கைகள் தாமாகவே அவர் அக்குளுக்குக் கீழே போயின. அங்கே தூக்க ஒன்றும் இல்லை. எடை முழுதும் அவர் காலில் இருந்தது. தூக்காமல் ஒருவரை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கைகளை எடுத்தான். தோளில் வைத்தான். அதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் எப்படியோ அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். குனிய வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே உயரம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவின் வலது கை மெல்ல மேலே வந்து, மகனின் இடுப்பில், பெல்ட்டின் மேல் நின்றது.

"என்னா… ல" என்றார். "என்னால…"

"விடுங்கப்பா."

"என்னால" என்று மூன்றாவது முறையும் சொல்லி அப்பா அழுதார். முப்பத்தாறு வருஷத்தில் மகன் அவர் அழுது பார்த்ததில்லை. அம்மா போன பத்தொன்பதாம் நாள்கூடப் பார்த்ததில்லை.

அப்போது மேஜைமேல் போன் அடித்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். கம்பெனி. மணி ஐந்தாக இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. கப்பல்காரன் கையை எடுக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அது ஓய்ந்ததும் திரையில் அவன் தட்டி வைத்திருந்த "வருகிறேன்" தெரிந்தது. ஒரு விரல் பட்டால் போய்விடும். போனால் திங்கட்கிழமை பரிசோதனையில் அந்த முதுகு மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் தப்பித்தால் இன்னும் மோசம், அதை வைத்துக்கொண்டே அவன் கடலுக்குப் போவான். முதுகு பற்றிச் சொன்னால் கப்பல் வேலை போகும், தம்பி இங்கேயே இருப்பான். அவளுக்கு வேண்டியதும் அதுதான். வேண்டியதாக இருப்பதால்தான் அவளுக்குச் சொல்லப் பயமாக இருந்தது. தன் நன்மைக்காகப் பேசுகிறோமா அவன் நன்மைக்காகப் பேசுகிறோமா என்று அந்த நாலு நிமிஷத்தில் அவளால் பிரித்தறிய முடியவில்லை.

மறுபடி போன் அடித்தது.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

கப்பல்காரன் அப்பாவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். எடு என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஹலோ. அவன் பேசலைங்க, நான் அவனோட அக்கா பேசறேன்" என்றாள். மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் நின்றுகொண்டிருக்கிற அப்பாவை ஒரு முறை பார்த்தாள்.

"பதில் நான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரமா நான் சொல்லப் பயந்துக்கிட்டிருந்த ஒண்ணை இங்க இருக்கிற ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். லைன்லயே இருக்கீங்களா?"

போனைக் காதோடு வைத்தபடியே, தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவை நான் பார்த்துக்கறேன்டா. இனிமே பொய் சொல்லாம பார்த்துக்கறேன். இப்போ சொல்லு, உன் முதுகைப் பத்தி இவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"